பேச்சுப் போன பின்னும் நிற்கும் பாட்டு
புத்தளக் கரையோரத்தின் வழிபாட்டு இசையும் நமது பொதுவாழ்வும்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது நீரிழிவைப் பற்றிய கட்டுரை. நூற்றாண்டு மலரில் ஒரு வைத்தியர் எழுதினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதை அடுத்த மலருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நமது காலைக்கூட்டத்தில் ஒலித்த பாட்டைப் பற்றியும், அந்தப் பாட்டு பிறந்த இந்தக் கரையைப் பற்றியும் எழுத அனுமதி கேட்டேன். பெரிய மனதுடன் தந்தார்கள்.

என்னை இந்த விடயத்தில் இறக்கிவிட்டவர் ஒரு நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன் நான் கடமையாற்றிய விடுதியில் எண்பது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இருந்தார். சிலாபத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் அவரது ஊர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சிங்களம் மட்டுமே பேசுவோர். மறதி நோய் முற்றி, மகளின் பெயரே அவருக்கு நினைவில்லை. ஒரு நாள் மாலை பக்கத்து ஆலயத்தில் ஆறு மணி அடித்தது. அந்த அம்மா கைகளைக் கூப்பி, மங்கள வார்த்தை செபத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். இன்று நாம் சொல்லும் வடிவத்தில் அல்ல, வடமொழிச் சொற்கள் நிறைந்த பழைய வடிவத்தில். செபம் முடிந்ததும் மாதா பாட்டொன்றைச் சுரம் தப்பாமல் பாடினார். மகள் என்னைப் பார்த்து, "அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா டொக்டர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மருத்துவத்தில் இதற்கு விளக்கம் உண்டு. மறதி நோயில் அண்மைக் கால நினைவுகளே முதலில் அழியும். சிறுவயதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிந்தவை நீண்ட காலம் நிற்கும். பாட்டும் செபமும் அப்படிப் பதிந்தவை. ஆனால் மகளின் கேள்விக்கு முழுப் பதில் மருத்துவத்தில் இல்லை. அது இந்தக் கரையின் வரலாற்றில் இருக்கிறது.

ஒளிந்திருந்த பாட்டு

போர்த்துக்கேயர் காலத்தில் கற்பிட்டியிலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையோரம் பெருமளவில் கத்தோலிக்கமானது. அக்காலத்தைப் பேசும்போது நாம் ஒன்றை மறைக்கக்கூடாது. பதினாறாம் நூற்றாண்டில் முன்னேஸ்வரம் கோயிலை இடித்தவர்களும் அதே போர்த்துக்கேயரே. நமது வகுப்புகளில் முன்னேஸ்வரத் திருவிழாவுக்கு விடுமுறை எடுத்த தோழியரும் தலவிலத் திருவிழாவுக்கு விடுமுறை எடுத்த தோழியரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அந்த வரலாற்றின் இரு பக்கமும் அவர்களுக்கு உரியது.

1658இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைத் தடைசெய்தனர். கற்பிட்டியில் போர்த்துக்கேயர் இருந்த இடத்தில் தமது கோட்டையைக் கட்டி 1676இல் முடித்தனர். அவர்கள் தமது சபையைப் பரப்பக் கையாண்ட கருவி பாடசாலை. ஊர்தோறும் பாடசாலை வைத்தார்கள். பிள்ளை வராவிட்டால் தண்டப்பணம். ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பில் பதியப்பட வேண்டும். அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் சேர வேண்டும். பிள்ளைகள் செபங்களையும் வினாவிடைகளையும் மனப்பாடம் செய்தார்கள். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபோது, தோம்பில் பெயர் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தச் சபையில் நிற்கவில்லை. தண்டப்பணம் போனதும் மனப்பாடமும் போயிற்று.

அதே காலத்தில் மறுபக்கம் வேறொன்று நடந்தது. கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, 1690இல் புத்தளம் வந்து சேர்ந்தார். அன்று புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சியில் இருந்ததால் ஒல்லாந்தரின் கை அங்கே எட்டவில்லை. அடிகளார் இங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் பலர் அங்கே வெயிலில் நின்றோம். இலங்கையின் முதலாவது புனிதர் நமது ஊரில் நடந்து திரிந்தவர் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

பாட்டைப் பொறுத்தவரை நாம் அதிகம் கடமைப்பட்டிருப்பது அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாருக்கு. இவரும் கோவாவைச் சேர்ந்தவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் எழுதினார், பாடல்கள் இயற்றினார். தமிழில் அவர் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' இன்றும் தவக்காலத்தில் வாசிக்கப்படுகிறது. சிங்களத்தில் அதன் இணை நூல் 'துக்பிராப்தி பிரசங்கய'. அச்சுக்கூடம் அவர் கையில் இல்லை. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம் என்ற நிலையில், கையெழுத்துப் பிரதிகள் வீட்டுக்கு வீடு கைமாறின. குரு இல்லாத ஊரில் பாட்டே பிரசங்கமாக இருந்தது. 1742இல் அடிகளார் இறந்ததும் அடக்கமானதும் நமது மாவட்டத்தின் பொலவத்தையில். தங்கொட்டுவைப் பக்கம் போகும் சகோதரிகள் ஒருமுறை அந்தக் கல்லறைக்குப் போய் வரவேண்டும்.

தண்டப்பணம் போட்டுக் கற்பித்தது நின்றுபோனது; ஒளித்துவைத்துப் பாடியது நிலைத்தது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அண்ணாவியும் பசாமும்

சிங்களம் பேசும் கத்தோலிக்கக் கிராமத்தில் ஆலயத்தைப் 'பல்லிய' என்பார்கள். அது நமது 'பள்ளி'. செபத்தையும் பாட்டையும் நடத்தும் பொதுநிலையினரை 'அன்னாவி' என்பார்கள். அவர் நமது கூத்து மேடையின் 'அண்ணாவியார்'. ஊர் ஆலயத்தின் பொறுப்பாளர் 'மூப்பு'. அவர் நமது 'மூப்பர்'. தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை இழுத்துப் பாடுவதை நாம் 'பசாம்' என்கிறோம், அவர்கள் 'பசன்' என்கிறார்கள். இரண்டும் பாடுகள் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தவை.

சொல்லோடு சுரமும் கைமாறியது. தமிழ்க் கூத்தின் மெட்டும் ஆட்டமும் கரையோரக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்கள நாடகமவுக்குப் போயின. பாடுகளின் காட்சியைச் சுரூபங்கள் கொண்டு நடத்தும் வழக்கம் கொன்சால்வெஸ் அடிகளார் காலத்து மரபு என்பார்கள். மன்னாரின் பேசாலையிலும் நீர்கொழும்பின் துவவிலும் அந்த மரபு நின்றது. நமது மாவட்டத்துப் பொரலெஸ்ஸவில் கே. லோரன்ஸ் பெரேரா 1923இல் உயிருள்ள நடிகர்களைக் கொண்டு பெரிய அளவில் பாஸ்கு நாடகத்தை நடத்தினார். ஜெர்மனியின் ஒபரம்மர்காவ் ஊரில் நடக்கும் நாடகமே அவருக்குத் தூண்டுதல். நமது கல்லூரி பிறந்த காலம் ஏறத்தாழ அதுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மொழி மாறிய வீடுகள்

இனி அந்த மகளின் கேள்விக்கு வருகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் வடக்கேயுள்ள கரைக்கும் இடையில் மீனவக் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் தமிழே பேச்சு. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றில் சிங்களம். யாரும் வாளெடுத்து மாற்றவில்லை. பாடசாலையில் மாறியது.

சிலாபம் மறைமாவட்டம் 1939இல் உருவானது. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ். சிங்கள இலக்கிய வரலாற்றில் ஆழ்ந்த புலமை உள்ளவர். இப்பகுதிக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பெற்றோருக்கும் வேறு கணக்குப் போட வழியிருக்கவில்லை. பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டும். சந்தையில் மீன் விற்க வேண்டும். 1958, 1983 போன்ற ஆண்டுகளில் உயிரோடு இருக்கவும் வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட தாய்மாரை நான் குறை சொல்லமாட்டேன்.

பேச்சு ஒரே நாளில் போவதில்லை. நீர்கொழும்பு மீனவர் தமிழை ஆராய்ந்த மொழியியலாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நான் வந்தேன், நீ வந்தாய், அவர்கள் வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும் வினைமுற்று விகுதிகள் அங்கே மறைந்து, பேச்சுச் சிங்களத்தைப் போல எல்லோருக்கும் ஒரே வடிவம் வந்துவிட்டது. சொற்கள் தமிழாக இருக்க, இலக்கணம் சிங்களமாகிக்கொண்டிருந்தது. செபமும் பாட்டும் மட்டும் மனப்பாடமாக இருந்ததால் விகுதி குலையாமல் நின்றன. என் நோயாளியின் நாவில் நான் கேட்டது அதைத்தான்.

மொழி மாறியதால் இசை வற்றிவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தங்கொட்டுவைப் பகுதியில் 1902இல் பிறந்த மார்சலின் ஜயக்கொடி அடிகளார் சிங்களத்தில் நத்தார்ப் பாடல்களையும் பக்திப் பாடல்களையும் கிராமத்து மண்வாசனையோடு எழுதினார். 1956இல் வெளியான 'ரேகாவ' திரைப்படத்துக்கு அவர் பாடல் எழுத, சுனில் சாந்த இசையமைத்தார். 1983இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு குருவானவரின் பாட்டை பௌத்த வீடுகளும் வானொலியில் கேட்டுத் தமதாக்கிக்கொண்டன. நாமும் நமது வீட்டு வானொலியில் அவற்றைக் கேட்டே வளர்ந்தோம்.

சிரம்பியடியின் மஞ்சா

புத்தளம் நகருக்கு அருகே சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் வாழ்கிறார்கள். பிரித்தானியரின் இலங்கைத் துப்பாக்கிப் படையில் இருந்து, படை கலைக்கப்பட்டபின் இங்கே குடியேறி உப்பளத்தில் வேலை செய்தவர்களின் சந்ததியினர். கத்தோலிக்கர். இவர்களின் முன்னோர் பேசியது இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். இன்று வீட்டில் சிங்களம். கிரியோல் எங்கே இருக்கிறது என்றால் மஞ்சா என்ற பாட்டுகளில் இருக்கிறது. இரண்டொரு அடிகளை மெதுவாகத் தொடங்கி, கைதட்டி, பின் வேகமெடுத்துத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர்கள் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். பாடுவோரில் பலருக்கு ஒவ்வொரு சொல்லின் பொருளும் தெரியாது. ஆனாலும் பாட்டு யாருடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

கரையின் தெற்கே அந்த அம்மா, வடக்கே சிரம்பியடி. பேச்சுப் போகும், பாட்டு பின்தங்கி நிற்கும். ஆனால் பாட்டும் ஒரு தலைமுறைக்கு மேல் தனியே நிற்காது. அந்த அம்மாவின் மகளுக்கு அந்த மாதா பாட்டு தெரியாது.

நமது மண்டபத்தில்

திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்ததுமுதல், இந்நாட்டுத் தமிழ்ப் பெண்பிள்ளைகளின் கல்வியில் கன்னியர் மடங்களின் பங்கை எவரும் மறுக்கமாட்டார்கள். நமது கல்லூரியும் அந்த நீண்ட வரிசையில் பிறந்த பிள்ளை. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கட்டணம் அறவிடாமல் தனியே இயங்குவோர் இயங்கலாம் என்று சிலவற்றுக்கு வழி விடப்பட்டது. கரையோரக் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் இருந்து செபமாலை சொன்னார்கள், பாடினார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து பேசியபின் எதிர்ப்புத் தணிந்தது. நமது கல்லூரியும் அரசாங்கப் பாடசாலையானது. சிலுவை சுவரில் இருந்தது, அருட்சகோதரிகள் சிலர் ஆசிரியைகளாகத் தொடர்ந்தார்கள், காலைப் பாட்டும் தொடர்ந்தது.

அடுத்த மாற்றம் உரோமிலிருந்து வந்தது. 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டை வெளியிட்டது. தாய்மொழியில் திருப்பலிக்கு வழி திறந்தது. அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்றும் அது சொன்னது. என் அம்மம்மா லத்தீனில் பாடிய தலைமுறை, பொருள் தெரியாது, சுரம் தெரியும். என் அம்மா தமிழில் பாடத் தொடங்கிய தலைமுறை. நான் ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பாடினேன். நமது சங்கீத ஆசிரியை சைவர். கல்லூரிப் பாட்டுக்கு அவர் பிடித்த தாளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தார்கள். தென்னோலைக் குடிசைகளிலிருந்து நமது வகுப்புகளுக்கும் பிள்ளைகள் வந்தார்கள். வாங்கு போதவில்லை, மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தோம். அவர்களை விரட்டியவர்கள் பேசிய மொழி நமது மொழி, அவர்களுடைய மொழியும் அதுதான். காலைப் பாட்டுக்கு அவர்கள் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பாடு என்று யாரும் சொல்லவும் இல்லை. சில மாதங்களின் பின் என் பக்கத்தில் இருந்தவள் மெட்டை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தாள். "சொல்லு உங்கட, ராகம் எல்லாருக்கும்தானே" என்றாள். பத்து வயதில் அவள் சொன்னதற்கு மேலாக நான் இன்றுவரை எதையும் படித்துவிடவில்லை.

2019

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர்ப்புப் பாடல் பாட வந்தவர்கள் அவர்கள். அடுத்த ஞாயிறு இந்நாட்டில் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையின் திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வீட்டு வரவேற்பறையில் பாடுவதா சும்மா இருப்பதா என்று தெரியாமல் இருந்தோம்.

மே 12ஆம் திகதி சிலாபத்தில் முகநூலில் வந்த ஒரு வசனத்தை வைத்து முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் அது பரவியது. நமது மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். பழிவாங்க வேண்டாம் என்று ஆண்டகை திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். ஆனாலும் நடந்தது.

அந்த நாட்களில் எங்கள் ஆண்டு மாணவிகளின் வட்ஸ்அப் குழுவில் என்ன எழுதப்பட்டது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, எழுதியவர்களுக்குத் தெரியும். என் மீதும் பழி உண்டு. நான் எதையும் எழுதவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள், ஐவர் வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள் குழுவிலிருந்து விலகினாள். தொலைபேசியில் அழைக்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. அவள் கோபிக்கவில்லை. கட்டுவாப்பிட்டியவில் நம்மவர்கள் யாரும் இருந்தார்களா என்றுதான் முதலில் கேட்டாள்.

நூற்றாண்டு நாளில் எதைப் பாடுவது?

நூற்றாண்டு விழாவுக்கு ஆயத்தம் செய்தபோது பழைய கல்லூரிப் பாட்டைப் பாடுவதா என்ற கேள்வி எழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது கல்லூரி அரசாங்கப் பாடசாலை. மாணவியரில் கத்தோலிக்கர் சிறு பகுதியினர். கிறிஸ்தவச் சொற்கள் உள்ள பாட்டு எதற்கு என்றனர் சிலர். நூறு ஆண்டுப் பாட்டை விட்டால் நாம் யார் என்றனர் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். பாட்டைப் பாடுவோம், முழுவதும், ஒரு சொல்லும் மாற்றாமல். சமயம் பொதுவாழ்வுக்கு வரும்போது தன் முகத்தைக் கழுவி அழித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்று நான் எண்ணவில்லை. தன் சொல்லைத் தானே அறியாத பாட்டுக்கு யாரும் மரியாதை தருவதில்லை. ஆனால் எந்தப் பிள்ளையையும் பாடச் சொல்லக்கூடாது, பாடாதவளைக் கணக்கெடுக்கவும் கூடாது. நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் சுதந்திரம் தருகிறது. அதற்கு முன்பே இந்தக் கரை நமக்கு அதைக் கற்பித்துவிட்டது. தோம்பும் தண்டப்பணமும் வைத்த சபைக்கு நேர்ந்ததையும், ஒளித்துவைத்துப் பாடிய குடிசைகளில் நடந்ததையும் பார்த்தோம். அன்று ஒடுக்கப்பட்டவர்களாய் இருந்து நாம் கற்ற பாடத்தை, நாம் மேடையில் நிற்கும் நாளில் மறக்கலாமா?

உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவியரிடம் இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த பசாம், மாதா பாட்டு, தாலாட்டு எதுவானாலும் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர், ஊர், யாரிடம் கற்றார் என்ற மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். தமிழானாலும் சிங்களமானாலும் சரி. சைவத் தோழியரின் திருவூஞ்சலும் முஸ்லிம் தோழியரின் கஸீதாவும் சேரட்டும். சங்கம் அவற்றைக் கல்லூரி நூலகத்தில் வைக்கும் என்று செயற்குழு எனக்கு வாக்குத் தந்திருக்கிறது. என் நோயாளி பாடியதை நான் பதிவு செய்யவில்லை. மகளின் அனுமதியுடன் மறுநாள் செய்யலாம் என்றிருந்தேன். மறுநாள் அவர் பாடவில்லை. அடுத்த வாரம் இறந்துபோனார்.

இரண்டாவது, 2019இல் எந்தக் குழுவிலிருந்தாவது விலகிப்போன தோழி உங்களுக்கும் இருப்பாள். நூற்றாண்டு விழா அழைப்பிதழை அஞ்சலில் போடாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கையில் கொடுங்கள். தூரதேசத்தில் இருந்தால் அழைத்துச் சொல்லுங்கள். என்னுடையவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பழைய வாங்கு கிடைத்தால் அதில் ஐந்து பேரும் இருப்பதாக உத்தேசம்.

வாழ்க நம் கல்லூரி அன்னை!